புதுப்பிப்பு: சேற்றில் புதைந்த டிராக்டர் கரையேறியது
சேற்றுழவின்போது பள்ள வயலில் பின் அச்சு வரை புதைந்த டிராக்டரை மீட்க வழி கேட்டிருந்தேன். நேற்று மாலை அது கரையேறிவிட்டது. சிலர் சொன்னதுபோல் பின் சக்கரங்களில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஓட்ட நான் இசையவில்லை, ஏனெனில் கட்டை ஊன்றிக்கொண்டு சக்கரம் சுழலாமல் போனால், எஞ்சினின் விசை முன்பகுதியைத் தூக்கி, ஓட்டுநர் சுதாரிப்பதற்குள் வண்டியைப் பின்புறமாகக் கவிழ்த்துவிடும். ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பையைக் கழற்றி, நீரை வடித்து, சக்கரங்களுக்குப் பின்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டிய பிறகு, கெட்டியான வண்டிப்பாதையில் நின்ற இன்னொரு டிராக்டருடன் தாழ்வான இழுவைக் கொக்கியில் இரும்பு வடம் மாட்டி, வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுத்தோம். அச்சின் அடியில் கடப்பாரையால் குத்திக் காற்று புகவிட்டதும், அதுவரை உறிஞ்சிப் பிடித்திருந்த சேறு ‘சளக்’கென்று விட்டது. வடம் அறுந்தால் ஆளை வெட்டும் என்பதால், வேடிக்கை பார்த்தவர்களை விலக்கி நிறுத்துவதுதான் பெரும்பாடு! பின் அச்சு எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறது. நீர் புகுந்திருப்பதால், அதை மாற்றிய பிறகே வண்டியை வயலில் இறக்குவேன்.