தண்டர்பேர்டில் மூன்று கணக்குகள்: பொப்புக்கு மாற்றலாமா?

முத்தையன்கட்டான்:
எங்கள் கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் மின்னஞ்சல், வாசிகசாலையுடையது, என் சொந்தம், மூன்றும் ஜிமெயில், மூன்றையும் ஒரே லப்டொப்பில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் போட்டிருக்கிறேன். அமைப்பின் கணக்கைப் பொருளாளரும் தன் போனில் பார்ப்பார். இங்கே சிக்னல் வந்து வந்து போகும், இணையம் போன் ஹொட்ஸ்பொட்டில்தான், தண்டர்பேர்டைத் திறந்தாலே டேட்டா கரைகிறது. கமநல சேவை நிலையத்துக் கடிதம், வெளிநாட்டு ஊர்க்காரர் அனுப்பும் படங்கள், விளம்பரம் எல்லாம் ஒரே குவியல். பொப் (POP), அதாவது கடிதங்களை லப்டொப்புக்கே இறக்கிவிடும் முறைக்கு மாற்றினால் டேட்டா மிச்சம் வருமா?

மாங்குளம் சந்தி:
மாற்றுங்கள் தம்பி. ஒருக்கால் இறக்கினால் லப்டொப்பிலேயே கிடக்கும். நான் கனகாலமாக அப்படித்தான்.

ஒட்டுசுட்டான் அக்கா:
அண்ணைக்குச் சரி, தனி ஆள். இவருக்குச் சரிவராது. பொப்பில் இவர் லப்டொப்பில் கடிதங்களைப் பிரித்து வைத்தாலும் பொருளாளரின் போனில் தெரியாது, அவரிடம் பழையபடி குவியல்தான். இப்போது இருக்கிற ஐமாப்பிலும் (IMAP, கடிதம் ஜிமெயிலிலேயே இருக்க போனும் லப்டொப்பும் அதையே காட்டும் முறை) கடிதங்களை லப்டொப்பில் வைத்து இணையமில்லாமல் வாசிக்கலாம்.

டேட்டாவைக் குடிப்பது அநேகமாக ஜிமெயிலில் எல்லாக் கடிதமும் சேரும் ‘ஆல் மெயில்’. ஜிமெயிலின் லேபல்கள் ஐமாப்பில் போல்டர்களாக வரும், இன்பொக்ஸில் இருக்கிற அதே கடிதம் ஆல் மெயிலிலும் இருக்கும், தண்டர்பேர்ட் இரண்டையும் இறக்கக்கூடும். பிரௌசரில் ஜிமெயில் செட்டிங்ஸுக்குப் போய், லேபல் பகுதியில் ஆல் மெயிலை ஐமாப்பில் காட்டும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பிறகு தண்டர்பேர்டில் ஒவ்வொரு கணக்கின் செட்டிங்ஸிலும், இத்தனை கேபிக்கு மேற்பட்ட கடிதத்தை இறக்காதே என்று வைக்கலாம். படங்கள் தேவைப்படும்போது மட்டும் வரும்.

முத்தையன்கட்டான்:
நன்றி அக்கா, ஆல் மெயிலை எடுத்ததும் நல்ல வித்தியாசம். கடிதங்களைத் தானாகப் பிரிக்கும் பில்டரும் தண்டர்பேர்டில் போட்டேன், ஆனால் பொருளாளரின் போனில் சிலவேளை எல்லாம் பிரிந்திருக்கிறது, சிலவேளை பழையபடி குவியல்.

ஒட்டுசுட்டான் அக்கா:
தண்டர்பேர்ட் பில்டர் அது திறந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். நீங்கள் வயலில் நிற்கும்போது யார் பிரிப்பது? அமைப்பின் கணக்குக்கு மட்டும் பில்டரை ஜிமெயிலிலேயே போடுங்கள், லப்டொப் மூடியிருந்தாலும் பிரியும். விளம்பரங்களுக்கு ஒரு லேபலைக் கொடுத்து இன்பொக்ஸைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மற்ற இரண்டுக்கும் தண்டர்பேர்ட் பில்டர் போதும்.

மாங்குளம் சந்தி:
சரி பிள்ளை, என்னுடையது பொப்தானே, லப்டொப் பழுதானால்?

ஒட்டுசுட்டான் அக்கா:
தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் புரொபைல் போல்டரை முழுதாகப் பென் டிரைவில் கொப்பி பண்ணுங்கள் அண்ணை. கடிதம், பில்டர், முகவரிகள் எல்லாம் அதற்குள்தான். பென் டிரைவ் ஃபேட்32 (FAT32) முறையில் போர்மட் செய்தது என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது, உங்கள் இன்பொக்ஸ் ஒரே பைலாகத்தான் இருக்கும், அதன் அளவை முதலில் பாருங்கள்.