சைக்கிள் சில்லு ஊதிய உலை

1995 நவம்பரில் மட்டுவிலில் ஒரு மாமரத்தின் கீழ் நான்கு குடும்பங்கள் இருந்தோம். ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் நடந்த சண்டையால் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டு, நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்து வந்தவர்கள். அரிசி இருந்தது, பானை இருந்தது, அப்பம்மாவின் மருந்துப் பெட்டிகூட இருந்தது. கத்தி இல்லை. விறகு கொத்தவும் கிடுகு கட்டவும் மலக்குழி வெட்டவும் காணிக்காரரின் ஒரே கத்தியையும் ஒரே மண்வெட்டியையும் முறை வைத்து வாங்கினோம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் புதிதாக ஒன்றைக் கடையில் வாங்கும் எண்ணமே எவருக்கும் வரவில்லை.

அந்த நான்கு குடும்பங்களில் ஒன்று கொல்லர் குடும்பம். பெரியவரை நாங்கள் அப்பு என்று கூப்பிட்டோம். பட்டடையையும் துருத்தியையும் அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் இருந்தது ஒரு சுத்தியல் மட்டும். அதைக்கூட அவருடைய மனைவிதான் உடுப்புப் பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறார்.

உலை கட்டியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், ஏனென்றால் காற்று அடித்தவள் நான். எனக்கு 13 வயது. நிலத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிக் களிமண் பூசினார்கள். அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லின் டயரைக் கழற்றி, வெறும் றிம்மின் பள்ளத்தில் கயிறு ஓட்டினார்கள். வளையமாக முடிந்த அந்தக் கயிறு மறுபக்கத்தில் ஒரு சிறிய மரக்கப்பியைச் சுழற்றும். கப்பியின் அச்சில் தகரத்தில் வெட்டிய நான்கு இறகுகள், அவற்றைச் சுற்றி மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு கூடு. நான் பெடலைக் கையால் சுற்றினால் இறகுகள் பறக்கும், குழாய் வழியாகக் காற்று கரிக்குள் போகும். கரிக்குப் பனங்கொட்டை ஓடான ஊமலும் சிரட்டையும். குழியில் எரியவிட்டு, புகை அடங்கும் நேரம் பார்த்துத் தகரத்தால் மூடி மண் போட்டால், மறுநாள் கணீரென்று ஒலிக்கும் கரி கிடைக்கும். விறகுத் தணலைவிட அதன் சூடு எவ்வளவு கூட என்பதை என் முகமே சொன்னது.

பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு. 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு பாதையைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்கு மேலே அடுக்கியிருந்தார்கள், அதனால் துண்டுகள் ஆங்காங்கே கிடந்தன. அப்பா அதைப் படுக்கவைக்கப் போனார். அப்பு விடவில்லை. நட்டுக்குத்தாக நிலத்தில் புதைத்து, மேலே தெரிந்த வெட்டுமுகத்தில்தான் அடித்தார். "படுக்கவைத்தால் துள்ளும் தம்பி. நிமிர்த்தினால் முழுப் பாரமும் அடிக்குக் கீழே நிற்கும்" என்றார்.

இரும்பு தேடியதுதான் உண்மையான வேலை. நாங்கள் பிள்ளைகள் ஆணி, கட்டடக் கம்பி, பீப்பாய் வளையம் என்று அள்ளி வந்தோம். அப்பு ஒவ்வொன்றின் நுனியையும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, பிறகு தட்டிப் பார்ப்பார். வளைந்தால் பச்சை இரும்பு, குறடு செய்யலாம், கத்தி ஆகாது. கண்ணாடிபோல ஒடிந்தால் உருக்கு. வீதியோரம் எரிந்து கிடந்த லொறியின் வில்லுத்தகடு ஒடிந்தது. ஒடிந்த வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை. குறடு செய்து முடியும்வரை தகட்டை வெட்டாமல் நீளமாகவே வைத்து, குளிர்ந்த முனையைச் சாக்கால் பிடித்துக்கொண்டு மறுமுனையை அடித்தார்கள். வாய் மூடிய குழாயோ, வெடிபொருள் போலத் தோன்றும் எதுவுமோ உலைக்குக் கிட்டவும் வரக்கூடாது என்பது அவர் போட்ட முதல் கட்டளை.

ஒரு நாள் அப்பு உறவினரைத் தேடிக் கொடிகாமம் போயிருந்தார். அப்பா பொறுமை இழந்து தானே உலையை மூட்டினார். காற்றுக்குழாயின் பழைய முனை எரிந்துபோனதால், நாகம் (துத்தநாகம்) பூசிய தண்ணீர்க் குழாய் ஒன்றை நேரே தணலுக்குள் செருகினார். வெள்ளைப் புகை எழுந்தது, பஞ்சுபோல வெள்ளைத் துகள்கள் மிதந்தன. இரவு அப்பாவுக்கு நடுக்கமும் காய்ச்சலும், நெஞ்சு இறுக்கமும். மலேரியா என்று அம்மா அழுதார். விடிய வந்த அப்பு உலையோரம் படிந்திருந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். நாகம் கொதித்து ஆவியாகி மூச்சில் போனால் வரும் காய்ச்சல் அது. அப்பாவுக்கு மறுநாளே தணிந்தது. கூடுதலாக இழுத்திருந்தால் நுரையீரலே கெட்டிருக்கலாம். அதன்பின் குழாயின் மூக்கு களிமண்ணில்தான்.

முதல் கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, கடினமாவதற்காகத் தண்ணீரில் தோய்த்தார்கள். 'ணங்' என்ற ஒரு சத்தம், அலகில் மயிர்போல ஒரு கீறல். இரண்டு நாள் உழைப்பு. அப்பு ஒன்றும் பேசாமல் அதைத் துண்டாக்கி உளிக்கு வைத்துக்கொண்டார். இரண்டாவதற்கு அதே லொறியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். கொஞ்சந்தான் இருந்தது. ஆகவே அகன்ற தகரத் தட்டில் ஊற்றி, வாய்ப்பக்கத்தை மட்டும் தோய்த்தார். முதுகு மென்மையாகவே இருக்கட்டும், கொத்தும்போது உடையாது என்றார்.

அப்பா விஞ்ஞான ஆசிரியர். பற்றரி இல்லாமல் கிடந்த வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கம்பியில் கட்டி வைத்திருந்தார். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்துக்குப் பிடிகொடுக்காது, அதைச் சற்றுத் தாண்டியதும் தோய்க்க வேண்டும் என்பது அவர் படித்த கணக்கு. அப்புவோ நிறத்தைத்தான் பார்ப்பார். வெயிலில் சிவப்பு ஏமாற்றும் என்று பொழுதுபட்ட பிறகே தோய்ச்சல் வைப்பார். அன்று அவர் தகட்டைத் தூக்கிப் பார்த்து "வருகிறது" என்றார். அப்பா காந்தத்தை வைத்தார், அது ஒட்டவில்லை. "இன்னும் ஒரு மூச்சுப் பொறு" என்று அப்பு தணலுக்குள் மீண்டும் வைத்து எடுத்துத் தோய்த்தார். அப்பா அந்தக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பாடப்புத்தகத்தில் இருந்த ஒன்றை ஒருவர் கண்ணிலே வைத்திருந்ததைப் பார்த்த முகம் அது.

* * *

மட்டுவில் அக்காவுக்கு, நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் வடமராட்சி. என் தகப்பனார் பனை ஏறியவர். பாளை சீவும் பாளைக்கத்தி மழுங்கினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. தடைக்காலத்தில் அவருக்கு ஒரு பழைய அரத்திலிருந்துதான் கத்தி அடித்துத் தந்தார்கள். அரம் வில்லுத்தகட்டைவிடக் கடினமான உருக்கு. முதலில் அரத்தின் பற்களைக் கல்லில் முழுவதும் தேய்த்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கும்போது பல்லின் பள்ளம் மடிந்து உள்ளே வெடிப்பாகிவிடும். அந்தத் தேய்ப்புக்கு மூன்று நாள் என் கை போனது. வெள்ளையாகக் காய்ச்சினால் பொறி பறந்து அலகே மாவாய் உதிரும் என்பதால் செம்மஞ்சளைத் தாண்ட விடவில்லை. தோய்த்த பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூட்டில் பிடித்தது உங்கள் அப்புவும் செய்தாரா? அதை எழுதவில்லையே.

* * *

செய்தார் தம்பி, நான்தான் தவறவிட்டேன். தோய்த்த வாயைக் கல்லில் மினுங்கத் தேய்த்து, காய்ச்சிய தண்டவாளத் துண்டின்மேல் முதுகு படும்படி வைத்தார். வைக்கோல் நிறம் வந்தது, பிறகு கபிலம். விறகு கொத்தும் கத்தி என்பதால் ஊதா தொடங்கும்வரை விட்டார், அப்போதுதான் வாய் நொறுங்காதாம். பாளைக்கத்திக்கு உங்கள் வைக்கோல் நிறமே சரி. பிடிக்குப் பூவரசு.

1996இல் ஊர் திரும்பியபோது அப்பு குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. கத்தி கோப்பாயில் அம்மாவின் குசினியில் இருக்கிறது. பிடி இரண்டு முறை மாறிவிட்டது, அலகு அதேதான். போன பொங்கலுக்கும் அதில்தான் தேங்காய் உடைத்தோம்.