பூ வாசனை பிளாக் டீ: அந்த வாசனை கோப்பைல நிக்க என்ன பண்ணணும்?

சாயங்கால_டீ:
ஃப்ரெண்டு ஒருத்தி ரோஸ் பிளாக் டீ ஒரு டின் குடுத்தா. மூடிய தொறந்தா அப்படி ஒரு வாசனை, இலையோட காஞ்ச ரோஜா இதழும் கலந்து கிடக்கு. ஆனா டீயா போட்டா அந்த வாசனைல பாதி கூட வரல, துவர்ப்புதான் முன்னாடி வந்து நிக்குது. எத்தனை நிமிஷம் விடணும், பால் சேக்கலாமா, இதழ் இன்னும் கொஞ்சம் வாங்கி மேல போட்டா வாசனை ஏறுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

இலைபித்தன்:
அடுப்புல வெச்சு கொதிக்க விடாதீங்க, முதல்ல அத நிறுத்துங்க. மூடி போட்டு வைங்க. மத்தத பொறுமையா வந்து எழுதுறவங்க எழுதுவாங்க 😄

கேத்தில்:
பொறுமையா எழுதுறேன். பூ வாசனைங்கறது சீக்கிரம் ஆவியாகிற சமாச்சாரம், டீ கொதிக்கறப்போ கிச்சன் பூரா மணக்குதுன்னா கோப்பைக்கு வர வேண்டியதுதான் அங்க போகுதுன்னு அர்த்தம். 200 மில்லி தண்ணிக்கு 2 கிராம் இலை, அதாவது ஒரு டீஸ்பூன் சுமாரா, தண்ணிய தனியா கொதிக்க வெச்சு இறக்கி ஒரு நிமிஷம் விட்டு 90 டிகிரி வாக்குல இலை மேல ஊத்தி உடனே மூடிடுங்க. மூணு நிமிஷம் போதும், வடிகட்டிடுங்க. துவர்ப்பு தர்ற டானின் எல்லாம் நேரம் ஆக ஆகத்தான் நெறைய இறங்கும், அதனால ஸ்ட்ராங்கா வேணும்னா நேரத்த கூட்டாம இலைய கூட்டுங்க.

இதழ் விஷயம். நல்லா பண்றவங்க புதுப் பூவ இலையோட அடுக்கி வெச்சிருவாங்க, இலை வாசனைய உறிஞ்சிக்கும், அப்புறம் பூவ எடுத்துடுவாங்க. சீனால ரோஜாவ பிளாக் டீயோட சேக்கறது இப்படித்தான். டின்ல கிடக்கற காஞ்ச இதழ் பெரும்பாலும் அழகுக்குத்தான், இன்னும் வாங்கிப் போட்டாலும் பெருசா ஏறாது. லேபிள்ல ஃபிளேவரிங்னு இருந்தா மேல எசன்ஸ் தெளிச்சிருக்காங்க, குடிக்கலாம், ஆனா அந்த வாசனை மொத கோப்பையோட முடிஞ்சிரும், அதே இலைல ரெண்டாவது தடவை தண்ணி ஊத்தினா ஒண்ணும் இருக்காது.

மலைச்சரிவு:
பூவே போடாம பூ வாசனை வர்ற டீயும் இருக்குங்க, என் ஓட்டு அதுக்குத்தான். டார்ஜிலிங், அப்புறம் சீனால அன்ஹுய் மாகாணத்துப் பக்கம் வர்ற கீமன்ங்கற பிளாக் டீ. ரோஜா எண்ணெய்ல இருக்கற ஜெரானியால்ங்கற அதே வாசனைப் பொருள் இந்த இலைகள்லயும் இருக்கு, பதப்படுத்தறப்போ வெளிய வரும். டார்ஜிலிங்ல மார்ச், ஏப்ரல்ல பறிக்கற ஃபர்ஸ்ட் ஃபிளஷ் (அந்த வருஷத்தோட மொத பறிப்பு) பூ மாதிரி லேசா இருக்கும், மே, ஜூன்ல வர்ற செகண்ட் ஃபிளஷ் திராட்சை மாதிரி. அதுல ஒரு வேடிக்கை, தத்துப்பூச்சி வந்து இலைய உறிஞ்சினா செடி தன்ன காப்பாத்திக்க சில வாசனைப் பொருள உண்டாக்குது, அந்த ருசிக்கு அதுவும் ஒரு காரணம். இது பழகிட்டா எசன்ஸ் டீ பக்கம் போகவே தோணாது, எனக்கு அப்படித்தான் ஆச்சு.

சாயங்கால_டீ:
நன்றி கேத்தில், மலைச்சரிவு! லேபிள் பாத்தேன், ஃபிளேவரிங்னுதான் போட்டிருக்கு 🙁 பால் பத்தி யாரும் சொல்லலையே?

கேத்தில்:
பால் புரதம் டானினோட ஒட்டிக்கும், துவர்ப்பு கொறையும், கூடவே மெல்லிசான வாசனையும் அமுங்கிடும். டார்ஜிலிங் மாதிரி லேசான டீக்கு பால் வேண்டவே வேண்டாம்.

இலைபித்தன்:
நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன். அஸ்ஸாம் மாதிரி கெட்டியான இலைல ரோஸ் ஏத்தினதுன்னா கொஞ்சூண்டு பால் நல்லாத்தான் இருக்கும், எசன்ஸ் தூக்கலா இருந்தா பால் அத அடக்கி வேற கொடுக்கும். உங்க டின்னுக்கு பால் தாராளமா ட்ரை பண்ணலாம். சர்க்கரை மட்டும் கம்மியா, இல்லன்னா சோப்பு குடிக்கற மாதிரி ஆயிடும்.

நிழல்குடை:
பச்சத் தண்ணிய யாரும் சொல்லல! அரை லிட்டர் தண்ணில 5 கிராம் இலைய போட்டு மூடி ஃப்ரிட்ஜ்ல ஆறுல இருந்து எட்டு மணி நேரம் விட்டு வடிகட்டுங்க. துவர்ப்பு ரொம்பக் கம்மி, வாசனை தெளிவா தெரியும். ஆனா குடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வெளிய எடுத்து வைங்க, ஜில்லுன்னு இருந்தா மூக்குக்கு எதுவும் எட்டாது.

அப்புறம் அந்த டின்ன மசாலா டப்பா பக்கத்துல வெக்காதீங்க, டீ இலை எந்த வாசனையையும் இழுத்துக்கும். வாசனை ஏத்தின டீ சாதா டீய விட சீக்கிரமே மங்கிப்போகும், விருந்தாளி வரட்டும்னு எடுத்து வெக்காம போட்டுக் குடிங்க.