புதுப்பிப்பு: மொட்டை மாடி ஆங்கர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது (சேலம், அஸ்தம்பட்டி)

வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் கயிற்றில் இறங்குவதற்காக எங்கள் அடுக்ககத்து மாடியில் போட்ட ஆங்கர்கள் (கயிற்றைக் கட்டும் உலோகப் பிடிமானங்கள்) இழுவைச் சோதனையில் ஏன் தோற்கின்றன, அவற்றைத் துளையில் ஒட்டும் ரெசின் பசை மட்டமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதல்ல தட்டோட்டைப் பெயர்த்துப் பாருங்க" என்று பதில் எழுதிய அண்ணனின் யோசனைதான் பலித்தது. ரெசினில் குறையில்லை. நம்ம ஊர் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கு மேல் தட்டோடும் இருக்கிறதே, துளையின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிட்டது. கான்கிரீட்டுக்குள் போனது நுனி மட்டும். சுண்ணாம்புக் கலவை எதைப் பிடிக்கும்?

கான்கிரீட் வரை வெட்டி, உள்ளே கம்பி ஓடும் இடத்தை டிடெக்டரில் பார்த்து, தள்ளித் துளைத்து, தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, புது ஸ்டட் (ஆங்கரின் மரைக்கம்பி) வைத்தார்கள். ரெசின் நன்றாக இறுகிய பிறகு பி.எஸ். 7883 என்ற பிரிட்டிஷ் தரநிலை சொல்கிறபடி 6 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 600 கிலோ இழுவை, 15 விநாடி. ஒன்றும் அசையவில்லை.

எதிர்பாராதது ஒன்று. சோதனையில் தாங்கிய பழைய ஆங்கர்கள் சிலவற்றுக்கும் ஆய்வாளர் கையெழுத்துப் போடவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வளையம் மாட்டியிருந்ததால் சேருமிடத்தில் துரு. நியாயம்தான், ஈரத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் துத்தநாகப் பூச்சுதான் முதலில் போகும். வளையங்களை மாற்றியதும் சான்றிதழ் வந்தது, அடுத்த ஆய்வு 12 மாதத்துக்குள்.

அப்புறம், வெட்டிய இடங்களை ஒழுகாமல் பூசித் தருவது யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.