மூன்று ஆஸ்பத்திரி, மூன்று எம்ஆர்ஐ: முழங்கால் குருத்தெலும்பு அளவுகள் ஒத்துவருமா?

டர்பன்_கதிர்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் மூன்று ஊர் ஆஸ்பத்திரிகளிலும் எம்ஆர்ஐ மூலம் மூட்டுத் தேய்மான நோயாளிகளின் குருத்தெலும்புத் தடிமனை 2 வருடம் அளக்கத் திட்டம். டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் 3 டெஸ்லா (காந்தப் புல வலிமை) மெஷின், ஆனால் வேறு வேறு கம்பெனி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1.5 டெஸ்லா. ஒரே சீக்வென்ஸ் அமைப்பை (படம் எடுக்கும் முறையின் செட்டிங்கை) மூன்றிலும் போட்டுவிட்டால் போதுமா? டீ2 மேப்பிங்கும் (குருத்தெலும்பின் சிக்னல் தணியும் நேரத்தை இடத்துக்கு இடம் அளக்கும் முறை) சேர்க்கலாமா?

அளவுகோல்:
போதாது. முதலில் கணக்கைப் பாருங்கள். சராசரித் தடிமன் 2 மி.மீ. என்று வையுங்கள். ஒரே மெஷினில், ஒரே ஆள் குருத்தெலும்பின் ஓரக்கோடு வரைந்தாலே மறுஅளவுப் பிழை (திரும்ப அளக்கும்போது வரும் வித்தியாசம்) 2.5% அளவுக்கு வரும், அதாவது 0.05 மி.மீ. ஒருவரிடம் உண்மையிலேயே மாற்றம் என்று சொல்ல அதை 2.77-ஆல் பெருக்க வேண்டும் (இரண்டு அளவிலும் பிழை உண்டு, 95% உறுதியும் வேண்டும் என்பதால்): 0.14 மி.மீ., சுமார் 7%. நோயில் தேய்வதோ பெரும்பாலும் வருடத்துக்கு 1–2% தான். ஆகவே தனி நோயாளிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, குழுச் சராசரிதான் பேசும். இதன் மேல் மெஷின் வித்தியாசமும் ஏறினால் அதுவும் போச்சு. யார் எந்த மெஷினில் தொடங்கினாரோ அதிலேயே முடிக்கட்டும். முற்றிய நோயாளிகளை எல்லாம் ஒரே ஊரில் குவிக்காதீர்கள். பிறகு நோயையும் மெஷினையும் பிரிக்க முடியாது.

காயில்_அக்கா:
அமைப்பு ஒன்றாக இருந்தும் கோடு நகர்வது எங்கே என்றால், எலும்பும் குருத்தெலும்பும் சேரும் ஓரத்தில். 3 டெஸ்லாவில் கொழுப்பின் சிக்னலுக்கும் நீரின் சிக்னலுக்கும் அதிர்வெண்ணில் சுமார் 440 ஹெர்ட்ஸ் இடைவெளி. பிக்சலுக்கு 185 ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் (ஒரு பிக்சலுக்கு ஒதுக்கும் அதிர்வெண் அகலம்) வைத்தால் மஜ்ஜைக் கொழுப்பு 2.4 பிக்சல் தள்ளி விழும். கொழுப்பின் சிக்னல் சரியாக அடங்காத இடத்தில் குருத்தெலும்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். ஒரு ஊரில் அதிர்வெண் திசை (அதிர்வெண்ணை வைத்து இடம் குறிக்கும் திசை) தலை–கால், இன்னொரு ஊரில் முன்–பின் என்றால் பிழையும் வேறு பக்கம் திரும்பும். திசையை எழுதியே கொடுங்கள். படச் சிதைவுத் திருத்தம் மூன்றிலும் ஆன் ஆகியிருக்கட்டும், முழங்கால் காந்த மையத்தில் இருக்கட்டும்.

நோயாளியை ஸ்கேனுக்கு முன் 30 நிமிடம் உட்கார வையுங்கள். படியேறி வந்த கையோடு படுக்கப் போட்டால் குருத்தெலும்பு அழுந்தியே இருக்கும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

அளவுகோல்:
டீ2 பற்றி: 1.5 டெஸ்லாவின் எண்ணையும் 3 டெஸ்லாவின் எண்ணையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். இரண்டு 3 டெஸ்லா மெஷினிலும் எக்கோ நேரங்கள் (திரும்பி வரும் சிக்னலை அளக்கும் நேரங்கள்) ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எக்கோவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூண்டப்பட்ட எக்கோ (துல்லியமில்லாத பல்ஸ்களால் வரும் கூடுதல் சிக்னல்) மற்ற எக்கோக்களில் கலப்பதால், முதல் எக்கோ அவற்றின் தணிவு வளைவோடு பொருந்தாது. குருத்தெலும்பின் கொலாஜன் நார்கள் காந்தப் புலத்துக்கு 55 டிகிரியில் இருக்கும் இடத்தில் டீ2 பொய்யாக ஏறும், அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது.

டர்பன்_கதிர்:
அப்படியானால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை டீ2-விலிருந்து எடுத்துவிடுகிறோம். ஃபான்டம் (மெஷினைச் சோதிக்க ஸ்கேன் செய்யும் மாதிரிப் பொருள்) ஒன்றுதான் இருக்கிறது, என்3 நெடுஞ்சாலை வழியாகக் காரில் ஜோஹன்னஸ்பர்க் போகும். போதுமா?

காயில்_அக்கா:
டிக்கியில் வெயிலில் கிடந்து வந்த ஃபான்டத்தை இறங்கியதும் ஸ்கேன் செய்யாதீர்கள். சூடு மாறினால் டீ2-வும் மாறும். ஒரு இரவு ஸ்கேன் அறையிலேயே வைத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு எடுங்கள். ஆனால் ஃபான்டத்துக்குக் குருத்தெலும்பு ஓரம் கிடையாது. நாலைந்து தன்னார்வலர்களை மூன்று ஊரிலும், ஒவ்வொரு ஊரிலும் இரண்டு முறை, நடுவில் எழுந்து நடக்கவிட்டு எடுங்கள். மெஷினில் சாஃப்ட்வேர் மாற்ற ஆள் வருகிறார் என்றால் அவர் வரும் முன்னும் போன பின்னும் அதே ஆட்களை மறுபடி எடுக்க வேண்டும்.