பழைய ஃபோர் வீல் பிக்கப்: பின்பட்டை பிராக்கெட் விரிசல், மேலேயே வெல்டிங் அடித்தால் போதுமா?

கல்தடம்:

வணக்கம். என்னிடம் இருப்பது எண்பதுகளின் கடைசியில் வந்த ஃபோர் வீல் பிக்கப். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரியான அடிச்சட்டம்), நான்கு பக்கமும் மூடிய பெட்டி மாதிரியான லாங் மெம்பர் (அதன் நீளச் சட்டம்). கொஞ்ச நாளாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இடது பின்பக்கம் ஒரு 'டக்', பிரேக் பிடித்தால் இன்னொரு 'டக்'. புஷ் (பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறை) போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். கீழே படுத்துப் பார்த்தால் பட்டையின் முன் கண்ணை (போல்ட் நுழையும் சுருண்ட முனையை) பிடித்திருக்கும் பிராக்கெட், மெம்பரோடு சேரும் வெல்டிங் ஓரத்தில் விரிந்திருக்கிறது. சுற்றிலும் துரு செதில் செதிலாக உரிகிறது. பின்னால் ஷேக்கிள் (பட்டையின் பின் முனையைத் தாங்கி ஆடும் இணைப்பு) தொங்கும் பிராக்கெட்டில் ஒரு காது (போல்ட்டைப் பிடிக்கும் பக்கத் தகடு) வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. இடது சக்கரம் வலதைவிடக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பது போலவும் தெரிகிறது.

என்னிடம் 180 ஆம்பியர் மிக் வெல்டிங் மெஷின், கிரைண்டர், நல்ல ஸ்டாண்டுகள் எல்லாம் இருக்கின்றன. விரிசல் மேல் வெல்டிங் அடித்துவிட்டால் தாங்குமா? பிராக்கெட்டையே மாற்ற வேண்டும் என்றால் வெல்டிங்கா, போல்ட்டா? ஆக்சில் கோணலாகாமல் எப்படிப் பொருத்துவது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இரும்புப்பட்டறை:

தம்பி, முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள், பக்கத்துத் தெரு வரைக்கும்கூட வேண்டாம். பின் ஆக்சில் முன்பின் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த முன் பிராக்கெட்தான். நீங்கள் கொடுக்கும் ஆக்ஸிலரேட்டர், பிடிக்கும் பிரேக் இரண்டின் விசையும் மெயின் பட்டை வழியாக அந்தக் கண்ணுக்குத்தான் போகிறது. ஷேக்கிள் பக்கம் எடையையும் பக்கவாட்டு இழுப்பையும் மட்டும் தாங்கும், பட்டை நீளும்போது அதோடு சேர்ந்து ஆடும். முன் பிராக்கெட் பிய்ந்தால் ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து கோணலாகும், பிரேக் ஹோஸ் அறுபடலாம், பின் ஆக்சிலைச் சுற்றும் புரப்பெல்லர் ஷாஃப்ட், நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயிண்டிலிருந்து உருவிக்கொண்டு வரலாம். உங்கள் சக்கரம் இப்போதே பின்னால் தள்ளி நிற்கிறது என்றால் விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது.

விரிசல் மேல் வெல்டிங் அடிப்பது நிற்காது. துருப்பிடித்து மெலிந்த தகட்டின் மேல் புது வெல்டிங் வைத்தால், அது விட்டுப்போகாமல் அதன் ஓரத்தில் இருக்கும் பழைய தகடு கிழியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முன்பு ஒரு முறை அப்படித்தான் நடந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது, யாராவது ஏற்கெனவே அடித்த வெல்டிங்கா என்று பாருங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் இரண்டு வேலை. ஒன்று, சுத்தம். வயர் பிரஷ், ஊசிச் சுத்தியல், எது இருக்கிறதோ அதை வைத்துப் பெயின்ட், துரு எல்லாவற்றையும் எடுத்து வெறும் இரும்பைப் பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியலால் மெம்பரைத் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், செத்த இரும்பு மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் கூர்மையான ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். குத்தினால் உள்ளே போகும் இடத்தில் எதையும் பற்றவைக்க முடியாது.

இரண்டாவது, அளவு. சேஸிஸில் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும். அதிலிருந்து முன் கண் போல்ட்டின் மையம் வரை வலது பக்கம் அளந்து எழுதுங்கள், அதுதான் உங்களுக்கு ஆதாரம். பிறகு குறுக்களவு, இடது துளையிலிருந்து வலது கண்ணுக்கு, வலது துளையிலிருந்து இடது கண்ணுக்கு. தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து அளந்தால் நடுவில் எதுவும் இடிக்காது. புது பிராக்கெட் பொருத்தும்போது இந்த இரண்டு குறுக்களவும் 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசப்பட்டால் நான் முழு வெல்டிங் அடிக்க விடமாட்டேன். வித்தியாசம் இருந்தால் வண்டி நேராகப் போகும்போதும் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கியே ஓடும்.

ரிவெட்காரன்:

வெல்டிங்கா போல்ட்டா என்பதற்கு என் பதில்: கம்பெனி எப்படிப் பொருத்தியதோ அப்படியே போங்கள். ரிவெட் அடித்த பிராக்கெட் என்றால் ரிவெட் தலையைக் கிரைண்டரில் சீவி, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்துவிட்டு 10.9 கிரேடு போல்ட் போடலாம். துளை போல்ட்டுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், மரை இல்லாத பகுதி துளைக்குள் உட்கார வேண்டும். மரை துளைக்குள் இருந்தால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் துளையை அரித்துக்கொண்டே இருக்கும்.

உங்களுடையது மூடிய பெட்டி மெம்பர் என்பதால் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீள போல்ட் விட்டு முறுக்கினால் பெட்டி உள்வாங்கும். நாளடைவில் போல்ட் தளர்ந்துவிடும். உள்ளே ஒரு குழாய் வைத்து, அதன் இரண்டு முனையையும் பக்கச் சுவர்களோடு பற்றவைத்து, அதற்குள் போல்ட்டை விட வேண்டும். இந்த வகைச் சேஸிஸில் வெல்டிங் பிராக்கெட்தான் வந்திருக்கும், அதனால் வெல்டிங்கே சரி. ஆனால் பெரிய லாரி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், அங்கே இதே யோசனையைச் செய்யாதீர்கள். பல லாரிகளின் சேஸிஸ் உறுதியேற்றிய இரும்பு, மேல் கீழ் மடிப்புகளில் வெல்டிங் அடித்தாலோ துளையிட்டாலோ அங்கிருந்தே விரியும்.

கல்தடம்:

இரண்டு பேருக்கும் நன்றி. வண்டியை நிறுத்திவிட்டேன். சுத்தம் செய்து பார்த்ததில் அண்ணா சொன்னது சரி, பிராக்கெட் ஓரத்தில் பழைய வெல்டிங் கட்டி கட்டியாக இருக்கிறது. மெம்பரின் அடிப்பக்கம் பிராக்கெட்டுக்கு மேலே கையகல நீளத்துக்கு ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறது. மேல்பக்கமும் இரண்டு பக்கச் சுவரும் கணீரென்று கேட்கின்றன. அடியில் ஒரு கனமான தகட்டை வைத்து மூடி, அதன்மேல் புது பிராக்கெட்டைப் பற்றவைத்தால் சரியாக வருமா? 8 மி.மீ. தகடு ஒரு துண்டு இருக்கிறது. போல்ட்டும் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து இறுகிவிட்டது, அசையவே இல்லை.

இரும்புப்பட்டறை:

பக்கச் சுவர் நல்லதாக இருப்பது பெரிய விஷயம், இது காப்பாற்றக்கூடிய சேஸிஸ். சுவரும் போயிருந்தால் நான் வேறு சேஸிஸ் தேடச் சொல்லியிருப்பேன்.

8 மி.மீ. வேண்டாம். மெம்பரின் தகடு எவ்வளவு கனம் என்று வெட்டிய இடத்தில் அளந்து பாருங்கள், அதே கனம் அல்லது ஒரு படி கூட, அவ்வளவுதான். மெல்லிய தகட்டின் மேல் தடித்த தகட்டை வைத்தால் அந்த இடம் மட்டும் வளையாது, அதன் ஓரத்தில் எல்லா வளைவும் வந்து குவியும். ஒட்டுப்போட்ட இடத்தை அடுத்துப் புதிதாக விரியும் சேஸிஸ்களுக்கு அதுதான் காரணம்.

துரு மேல் மூடவும் கூடாது. செத்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுங்கள், மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைவாக வெட்டுங்கள். அதே அளவில் துண்டு வெட்டி ஓரத்தோடு ஓரம் பொருத்தி முழுசாக ஊடுருவும்படி பற்றவையுங்கள், கிரைண்டரில் சமமாக்குங்கள். அதன்மேல் வெளியிலிருந்து இன்னொரு தகடு, அடிப்பக்கத்தை மூடிப் பக்கச் சுவரில் பாதி உயரம் ஏறும்படி மடித்தது. பிராக்கெட்டின் விசை அடித்தகட்டில் நிற்காமல் சுவருக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் இந்த மடிப்பு. சுவரில் ஏறும் தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாகவோ மீன் வாய் போலவோ வெட்டுங்கள். மெம்பருக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோடாக வெல்டிங் ஓடினால் அது விரிசலுக்கு நீங்களே போட்டுக் கொடுத்த கோடு.

பழைய விரிசல் சுவருக்குள் ஓடியிருக்கிறதா என்று சிவப்புச் சாயம் அடித்துச் சோதிக்கும் ஸ்பிரேயில் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத முனையும் அதில் தெரியும். முனையில் 5 அல்லது 6 மி.மீ. துளையிட்டு விரிசலை நிறுத்திவிட்டு, கோட்டை V வடிவில் தோண்டி நிரப்புங்கள்.

உங்கள் 180 ஆம்பியர் மெஷின் இந்தக் கனத்துக்குத் தாராளம். வெளியில் காற்றடிக்கும் இடத்தில் அடித்தால் வெல்டிங்கைச் சூழ்ந்து காக்கும் கேஸ் கலைந்து வெல்டிங் பொத்தல் பொத்தலாகும், மறைப்பு கட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல் இரண்டு விரல் நீளம் அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள், தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். புது பிராக்கெட்டை முதலில் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, பட்டையை மாட்டி, ஆக்சிலைத் தூக்கி, குறுக்களவு எடுத்து, எல்லாம் சரி என்றால் மட்டும் பட்டையைக் கழற்றி முழு வெல்டிங் அடியுங்கள்.

பட்டையைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது டெம்பர் ஏற்றிய (சூடாக்கிப் பதம் ஏற்றிய) ஸ்பிரிங் இரும்பு, வெல்டிங் பொறி பட்டு ஒரு சின்னப் புள்ளி சூடாகிக் கடினமானால்கூட அந்தப் புள்ளியிலிருந்து பிற்பாடு முறியும். அர்த் கிளாம்பையும் (மெஷினுக்குக் கரண்ட் திரும்பும் கவ்வியை) பட்டையிலோ ஆக்சிலிலோ மாட்டாமல் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்தில் மெம்பரிலேயே மாட்டுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல், பிரேக் பைப்புகள் பெரும்பாலும் மெம்பரை ஒட்டியேதான் ஓடும், அவற்றை விலக்குங்கள், டேங்கை இறக்குங்கள். காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

இறுகிய போல்ட்டை கேஸ் கட்டரில் சூடாக்கி எடுக்க முயலாதீர்கள், புஷ் ரப்பர் தீப்பிடிக்கும். எப்படியும் அந்த பிராக்கெட் குப்பைக்குத்தான். காதுக்கும் பட்டைக் கண்ணுக்கும் இடையில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். அதற்கு முன் சேஸிஸை நல்ல இரும்பு இருக்கும் இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியில் ஏற்றி இறக்கி, பட்டை அமுங்கியும் இல்லாமல் தொங்கியும் இல்லாமல் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அழுத்தத்தோடு அறுத்தால் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரிவுப்பாதை:

எல்லோரும் முன் பிராக்கெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்த வளைந்த ஷேக்கிள் காதுதான் கவலையாக இருக்கிறது. காது சும்மா வளையாது. வண்டி உயரமாக வேண்டும் என்று நீளமான ஷேக்கிள் மாட்டியிருக்கிறதா? நீளம் கூடக் கூடப் பக்கவாட்டில் நெம்பும் விசையும் கூடும். அல்லது புஷ் இறுகி ஷேக்கிள் ஆடாமல் நின்றிருக்கும். ஷேக்கிள் ஆடாவிட்டால் பட்டை நீள இடமில்லாமல் இரண்டு பிராக்கெட்டையும் நெம்பும். உங்கள் முன் பிராக்கெட் விரிந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், துரு வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்திருக்கும். இதைச் சரிசெய்யாமல் என்ன வெல்டிங் அடித்தாலும் அடுத்த கரடுமுரடுப் பாதையில் மறுபடியும் அதே இடம்தான்.

வளைந்த காதை நிமிர்த்தாதீர்கள், அதையும் மாற்றுங்கள். மாற்றும்போது ஷேக்கிள் போல்ட்டும் முன் கண் போல்ட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் பட்டை மேலும் கீழும் போகும்போதெல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

ரப்பர் புஷ் போட்டால் ஜாக்கியில் தொங்கும் நிலையில் கண் போல்ட்டுகளை முழுசாக முறுக்காதீர்கள். கையிறுக்கமாக விட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டி எடை முழுவதும் பட்டையில் இறங்கிய பிறகு முறுக்குங்கள். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அது உள்ளே சுழலும் வகை, ஆனால் கிரீஸ் வேண்டும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளைக் கழற்றினால் பழையதையே திரும்பப் போடாதீர்கள், அவை ஒரு முறை இழுபட்டு நீண்டவை. பட்டைத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள்.

ரிவெட்காரன்:

ஆமாம், ஷேக்கிள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல கேள்வி. இன்னொன்று, பெட்டி மெம்பர் உள்ளிருந்துதான் அழுகும். வெல்டிங்குக்கு முன் உள்ளே இருக்கும் சேற்றை முழுசாகக் கழுவி எடுத்துக் காயவிடுங்கள். அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைப் புதுத் தகட்டில் மூடிவிடாமல் அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். எல்லாம் ஆறிய பிறகு வெளியே பிரைமர், பெயின்ட். உள்ளே நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயில் மெழுகு வகை துருத்தடுப்பு அடியுங்கள். உள்பக்கம் வெல்டிங் சூட்டில் பெயின்ட் எரிந்திருக்கும், அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

கல்தடம்:

ஷேக்கிளை இப்போதுதான் போய் அளந்தேன். மறுபக்கத்தைவிட இடது பக்கம் நீளம், முன்பு வைத்திருந்தவர் பட்டை தொய்ந்ததைச் சமாளிக்க மாட்டியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பழைய அளவிலேயே புது ஷேக்கிள் போடுகிறேன், வலது புஷ்ஷும் கிழிந்திருப்பதால் அதையும் மாற்றுகிறேன். தொய்ந்த பட்டையை என்ன செய்வது?

சரிவுப்பாதை:

இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள், அல்லது இரண்டையும் பிரித்து வளைவேற்றி மறுபடி டெம்பர் செய்து வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி சாய்ந்தே நிற்கும். முடித்துச் சில நூறு கி.மீ. ஓடியதும் யூ போல்ட், கண் போல்ட், ஷேக்கிள் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்) வைத்து மறுபடி பாருங்கள், வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் கோடாக விரிந்திருக்கிறதா என்றும் அப்போதே ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.