உகாண்டாவில் ஒரு மாத ஊழியம்: என்ன தயாரிப்பு வேண்டும்?

பாளை_வாலிபர்:
ஸ்தோத்திரம். எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் வருகிற ஜூலை மாதம் முழுவதும் உகாண்டாவில், ஜின்ஜா பக்கத்து கிராமச் சபை ஒன்றில் ஊழியம் செய்யப் போகிறோம். ஒரு வாரம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட், இரண்டு நாள் மருத்துவ முகாம் என்று திட்டம். குழுவில் ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸ்களும் இருக்கிறார்கள். கடைசி வாரம் ஓர் அனாதை இல்லத்தில் தங்கவும் அழைப்பு வந்திருக்கிறது. ஊசி, விசா, மருந்து விஷயத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

மருந்துப்பெட்டி:
பிரதர், முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுசுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மஞ்சள் அட்டை என்கிற அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், 60 வயதுக்கு மேல் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று: போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்து நான்கு வாரம் வரை. ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. ஈரலில் தங்கிய கிருமி பிறகுதான் இரத்தத்துக்கு வரும். சாப்பிட்டபின் நிறைய தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். பெயிண்ட் வேலைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். திரும்பிய பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும் "உகாண்டா போய் வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இன்னொன்று: விக்டோரியா ஏரியில் குளிக்க வேண்டாம். நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும். ஞானஸ்நான ஆராதனைக்காக ஏரியில் இறங்க நேர்ந்தால், கரையேறியதும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஊர் திரும்பி ஓரிரு மாதத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நைல்_கரை:
ஐயா, ஜூலையில் அங்கே இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் காலை முதல் சாயங்காலம் வரை பள்ளியில். முழுநாள் வி.பி.எஸ். நடக்காது, சனிக்கிழமைகளாகப் பிரியுங்கள், அல்லது பயணத்தையே டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளுங்கள். ஜின்ஜா பக்கம் லுசோகா பேசுவார்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பு போவதால் 20 நிமிடச் செய்தி 40 ஆகும். பாதியாக வெட்டி எழுதிக்கொண்டு போங்கள்.

விசா ஆன்லைனில்தான். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை; சம்பளமில்லாத ஊழியம் என்பதால் தப்பிவிடாது. எந்த அனுமதி வேண்டும் என்று அழைக்கிற சபையே கம்பாலா குடிவரவு அலுவலகத்தில் கேட்டு, கடிதத்தோடு விண்ணப்பிக்கட்டும்.

டாலர் நோட்டு புதிதாக, கசங்காமல் இருக்கட்டும். பழைய வருஷத்து நோட்டை வாங்க மாட்டார்கள் அல்லது விலை குறைப்பார்கள். பெயிண்ட், பிரஷ் எல்லாம் ஜின்ஜாவிலேயே வாங்கலாம். உள்ளூர் பெயிண்டர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, நீங்கள் சுவர் சுரண்டிக் கொடுங்கள். அவர் கூலியை நாம் பறிக்கக் கூடாது.

சிஸ்டர்_ஜி:
முகாமைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வெளிநாட்டு டாக்டர், நர்ஸ் அங்கே ஒரு நாள் வேலை செய்தாலும் அந்நாட்டு மருத்துவ, நர்சிங் கவுன்சில்களில் தற்காலிகப் பதிவு வேண்டும். பெட்டியில் மருந்து கொண்டுபோனால் தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஜாயிண்ட் மெடிக்கல் ஸ்டோர் கம்பாலாவில் இருக்கிறது. சபையோடு தொடர்புள்ள ஆஸ்பத்திரி வழியாக அங்கேயே வாங்குங்கள்.

முகாமைத் தனியாகப் போடாதீர்கள். அந்தப் பகுதியின் மூன்றாம் நிலை சுகாதார நிலையத்தோடு (ஹெல்த் சென்டர் III) சேர்ந்து, அவர்கள் பதிவேட்டிலேயே எழுதுங்கள். ஒரு அம்மாவுக்குப் புதிதாக பி.பி. மாத்திரை தொடங்கி 30 நாளுக்குக் கொடுத்துவிட்டு வந்தால் 31-ஆம் நாள் அந்த அம்மா எங்கே போவார்? அங்கே தொடர்ந்து கிடைக்கிற மாத்திரையை மட்டும் எழுதுங்கள்.

அனாதை இல்லத்துக்குப் போகவே வேண்டாம் தம்பி. இப்படிப்பட்ட இல்லங்களில் பல பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வருகிற வெளிநாட்டார் தரும் காணிக்கைக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கிற இடங்களும் உண்டு. வாரம் ஒரு புது முகத்தோடு ஒட்டிக்கொண்டு, பிறகு பிரிவது அந்தக் குழந்தைக்குக் காயம். அந்த வாரத்துப் பணத்தைப் போதகரிடம் பேசி, பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்கிற ஒரு பாட்டியின் பேரனுக்குப் பள்ளிக் கட்டணமாக, நேராகப் பள்ளிக்கூடத்திலேயே கட்டி, ரசீது வாங்குங்கள்.

பாளை_வாலிபர்:
நன்றி அக்கா, நன்றி எல்லோருக்கும். இல்லத்துக்கு வரவில்லை என்று இன்றே எழுதிவிடுகிறேன். டிசம்பருக்கு மாற்ற முடியுமா என்று ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் கேட்கிறோம்.